அம்பயர் தப்பு பண்ணினா நாம என்ன பண்ணணும்? சேப்பாக்கத்திலிருந்து டெட்ராய்ட் வரை

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல், படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வார எபிசோட் ஒரு வாக்குமூலத்துல ஆரம்பிக்குது.

போன மாசம் எங்க ஆபீஸ்ல டென்னிஸ் பால் டோர்னமென்ட். என் டீம் முதல் ரவுண்ட்லயே வெளிய போயிடுச்சு. சும்மா நிக்கிறவன்தானேன்னு என்னை செமி ஃபைனலுக்கு அம்பயரா நிறுத்திட்டாங்க. கடைசி ஓவர், நாலு ரன் வேணும். என் பக்கத்து சீட்ல உட்கார்ந்து வேலை பார்க்கிற நண்பன் ரெண்டாவது ரன்னுக்கு ஓடி வர்றான், த்ரோ வருது, ஸ்டம்ப் விழுது. நான் விரலைத் தூக்கிட்டேன்.

அன்னிக்கு சாயங்காலம் யாரோ மொபைல்ல எடுத்த வீடியோ குரூப்ல வந்தது. அவன் பேட் கோட்டுக்குள்ள ஒரு அடி தாண்டி இருக்கு. ஒரு அடி! அதுக்கப்புறம் குரூப்ல வந்த மீம்ஸ் எல்லாம் நான் இங்க சொல்ல முடியாது. பரவாயில்லை, அதெல்லாம் சிரிச்சுக் கடந்துடலாம். ஆனா ரெண்டு பேர் நான் எதிர் டீம் லீட் கிட்ட அப்ரைசலுக்காக நல்ல பேர் வாங்கத்தான் அப்படிக் கொடுத்தேன்னு எழுதினாங்க. அதுதான் உறைச்சது. தப்பு பண்ணினேன்னு சொன்னா ஒத்துக்கலாம். வேணும்னே பண்ணினேன்னு சொன்னா?

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. ஐபிஎல் பார்க்கும்போது நான் அம்பயர்களைப் பத்தி ட்விட்டர்ல எழுதினதெல்லாம் ஞாபகம் வந்தது. 'எவ்வளவு வாங்கினான்' அப்படின்னு நானும் எழுதியிருக்கேன். ஒரு தடவை இல்லை.

அதனால இந்த எபிசோட். நடுவர் தவறு செய்தால் ரசிகர்கள் என்ன செய்தார்கள், அதனால் என்ன ஆனது? வரலாற்றைக் கொஞ்சம் புரட்டுவோம்.

ஒரே மாதம், இரண்டு மைதானம்

முதல்ல 1999 ஜனவரிக்குப் போவோம். எனக்கு அப்போ ஒரு வயசு. அதனால இந்தக் கதையை நான் பாதி ஸ்கோர்கார்டிலிருந்தும் பாதி என் சித்தப்பாவிடமிருந்தும்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அவர் அன்னிக்கு சேப்பாக்கத்துல இருந்தார்.

பாகிஸ்தான் அணி 12 வருடம் கழித்து டெஸ்ட் தொடருக்காக இந்தியா வந்திருந்தது. வரக்கூடாது என்று டெல்லியில் சிவசேனாவினர் பிட்சையே தோண்டிப்போட்டார்கள். அதனால் முதல் டெஸ்ட் சென்னையில். ஜனவரி 28 முதல் 31 வரை. நம்ம சென்னைப் பையன் சடகோபன் ரமேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட்.

இந்தியாவுக்கு இலக்கு 271. ஐந்து விக்கெட் போனபோது ஸ்கோர் 82. அந்த ஐந்தாவது விக்கெட்தான் நம்ம விஷயம். சக்லைன் முஷ்டாக் பந்தை கங்குலி அடிக்கிறார். அது பக்கத்தில் நின்ற ஃபீல்டர் மேல் பட்டுத் தெறித்து விக்கெட் கீப்பர் மொயின் கான் கைக்குப் போகிறது. நடுவில் பந்து தரையில் பட்டதா இல்லையா? ரீப்ளே பார்த்த பலருக்கும் பட்டது போலத்தான் தெரிந்தது. நடுவர்கள் அவுட் கொடுத்துவிட்டார்கள். கங்குலி 2 ரன்னில் வெளியே.

நியூசிலாந்தின் ஸ்டீவ் டன்னும் நம்ம வி.கே. ராமசாமியும்தான் நடுவர்கள். ராமசாமி பேரை மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வருவார்.

அதுக்கப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். முதுகுவலியோடு சச்சின் 136. மோங்கியா கூடச் சேர்ந்து 136 ரன் பார்ட்னர்ஷிப். 17 ரன் இருக்கும்போது சக்லைனைத் தூக்கி அடிக்கப் போய், வாசிம் அக்ரம் கையில் கேட்ச். அங்கிருந்து நாலே ரன்னில் மீதி மூன்று விக்கெட்டும் காலி. 12 ரன்னில் தோல்வி.

மைதானத்தில் சில நொடி பேச்சே இல்லையாம். அப்புறம் ஒரு மூலையில் கைதட்டல் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் மொத்த சேப்பாக்கமும் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது.

சித்தப்பாகிட்ட கேட்டேன்: "ஏன் சித்தப்பா கைதட்டினீங்க?"

"தெரியலடா. பக்கத்துல இருந்தவர் எழுந்தார். நானும் எழுந்தேன்."

இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சென்னைன்னா சும்மாவா! இந்த எபிசோடை அங்கேயே முடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஆனா மூன்றே வாரத்தில் கொல்கத்தாவில் இன்னொன்று நடந்தது.

பிப்ரவரி 16, ஈடன் கார்டன்ஸ். ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப், அதே இரண்டு அணிகள். ஐந்து நாளில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் பார்த்த போட்டி. இந்தியாவின் இலக்கு 279. நாலாவது நாள் சச்சின் 9 ரன்னில் இருக்கிறார். மூன்றாவது ரன்னுக்கு ஓடி வருகிறார். பந்துவீசும் முனையில் ஷோயப் அக்தர் த்ரோவுக்காகக் காத்து நிற்கிறார், அண்ணாந்து பார்த்தபடி. சச்சினும் வழியைப் பார்க்கவில்லை, ஷோயபும் பார்க்கவில்லை. மோதுகிறார்கள். அந்த நொடியில் பவுண்டரியிலிருந்து மாற்று வீரர் நதீம் கான் எறிந்த பந்து நேராக ஸ்டம்பைத் தட்டுகிறது.

நடுவர் ஸ்டீவ் பக்னர் மூன்றாவது நடுவரிடம் கேட்டார். இலங்கையின் கே.டி. பிரான்சிஸ் அவுட் என்றார்.

இப்போ கவனிங்க. விதிப்புத்தகப்படி இது சரியான முடிவு. ஸ்டம்ப் விழும்போது பேட்ஸ்மேன் கோட்டுக்கு வெளியே. யாரும் வேணும்னு தடுத்ததா நிரூபிக்க முடியாது. அக்ரம் நினைச்சிருந்தா அப்பீலைத் திரும்ப எடுத்து சச்சினைக் கூப்பிட்டிருக்கலாம். அது பெருந்தன்மை. கூப்பிடலைன்னா அது குற்றம் இல்லை. ஆனா ஈடன்ல உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்: ஷோயப் இடிச்சான், சச்சின் போயிட்டார், ஏமாத்திட்டாங்க.

பாட்டில் பறந்தது. ஆட்டம் நின்றது. அப்போதைய ஐசிசி தலைவர் ஜக்மோகன் டால்மியாவும் சச்சினுமே மைதானத்தைச் சுற்றி வந்து கூட்டத்தை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. அவுட் ஆனவரே வந்து, விடுங்கப்பா என்கிறார்! மறுநாள் மீதி விக்கெட்டுகள் சரிய, ஒன்பதாவது விக்கெட் போனபோது செய்தித்தாள்களைக் கொளுத்தினார்கள், கல் எறிந்தார்கள். போலீஸ் சுமார் 65,000 பேரை வெளியேற்றியது. ஏறக்குறைய காலி மைதானத்தில் கடைசி விக்கெட் விழுந்தது. 46 ரன்னில் தோல்வி. அந்த மேட்ச்ல ஜவகல் ஸ்ரீநாத் 13 விக்கெட் எடுத்திருந்தார்னு இன்னிக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அதுவும் கல்லோடு சேர்ந்து போச்சு.

சென்னைக்காரன் நல்லவன், கொல்கத்தாக்காரன் கெட்டவன்னு முடிச்சுடலாமா? எனக்கும் ஆசைதான். சித்தப்பாகிட்ட இதையும் கேட்டேன். "கடைசி 17 ரன் இருக்கும்போது சச்சினுக்கு ஒரு தப்பான அவுட் கொடுத்திருந்தா நீங்க எழுந்து நின்னு கைதட்டியிருப்பீங்களா?"

அவர் ரொம்ப நேரம் யோசிச்சார். "அன்னிக்கு அவரே அடிச்சு அவுட் ஆனார்டா. அது வேற."

நேர்மையான பதில். கங்குலி விக்கெட் விழுந்தப்போ சேப்பாக்கமும் கத்தியிருக்கும். ஆனா அதுக்கப்புறம் சச்சின் ஆடின ஆட்டத்துல அந்தக் கோபம் கரைய நேரம் கிடைச்சது. ஈடனுக்கு அது கிடைக்கலை. ஊர்க்குணம் மட்டும் காரணம் இல்லை. கோபம் வந்தப்புறம் நமக்கு எவ்வளவு நேரம் கிடைக்குதுங்கிறதும் காரணம். இன்னிக்கு போன் கையில இருக்கு. கோபத்துக்கும் ட்வீட்டுக்கும் நடுவுல எட்டு செகண்ட்கூட இல்லை.

இன்னொரு விஷயம். இந்த இரண்டு போட்டிக்கும் நடுவில் டெல்லி டெஸ்ட். பிப்ரவரி 7, அனில் கும்ப்ளே 74 ரன்னுக்கு 10 விக்கெட். நமக்கெல்லாம் திருவிழா. அதில் கேட்ச் அவுட் கொடுக்கப்பட்ட ஷாகித் அஃப்ரிடி அந்த முடிவில் கடும் அதிருப்தியோடு வெளியே போனார். அந்த ரீப்ளேவை நாம எத்தனை தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம்? கங்குலியோடதை எத்தனை தடவை பார்த்தோம்?

கல் எறிந்தால் யார் மேல் விழும்?

இதை விடப் பயங்கரமான ஒன்று 1964 மே 24 அன்று பெரு நாட்டின் லிமாவில் நடந்தது. பெருவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் ஒலிம்பிக் தகுதிச்சுற்றுக் கால்பந்துப் போட்டி. ஆட்டம் முடிய சில நிமிடங்கள் இருக்கும்போது பெரு அடித்த சமன் கோலை உருகுவே நடுவர் செல்லாது என்றார். ரசிகர் ஒருவர் உள்ளே ஓடினார், இன்னொருவரும் ஓடினார். இரண்டாவது ஆளைப் போலீஸ் அடித்ததைக் கூட்டம் பார்த்தது. கலவரம் மூண்டது. போலீஸ் கேலரிக்குள் கண்ணீர்ப்புகை வீசியது. மூச்சு முட்டிய கூட்டம் படிக்கட்டு வழியாகக் கீழே ஓடியது. கீழே இரும்புக் கதவுகள் மூடியிருந்தன.

அதிகாரபூர்வக் கணக்கு 328 பேர். பெரும்பாலானோர் அந்தப் படிக்கட்டுகளில் நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தவர்கள்.

இங்க ரசிகர்கள் மேல பழி போட்டுட்டுப் போறது சுலபம். ஆனா அந்த உயிர்களை எடுத்தது கோலும் இல்லை, கூச்சலும் இல்லை. கண்ணீர்ப்புகையும் மூடின கதவும். நான் சொல்ல வர்றது இதுதான்: கூட்டமா இருக்கும்போது நம்ம கோபம் எங்க போய் முடியும்னு நம்ம கையில இல்லை. அன்னிக்கு செத்தவங்கள்ல யாரும் அந்த முடிவைக் கொடுத்தவங்க இல்லை.

கூட்டம் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். 2005 பிப்ரவரியில் பார்சிலோனா, செல்சீ சாம்பியன்ஸ் லீக் போட்டி. செல்சீயின் ட்ரோக்பாவுக்கு ரெட் கார்டு காட்டினார் ஸ்வீடன் நடுவர் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க். செல்சீ பயிற்சியாளர் மொரின்யோ, இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளர் நடுவரின் அறைக்குப் போனதாகப் புகார் சொன்னார். அடுத்த சில வாரம் ஃப்ரிஸ்கின் குடும்பத்துக்குக் கொலை மிரட்டல். மார்ச் மாதம் அவர் ஓய்வை அறிவித்துவிட்டார். வயது 42. ட்விட்டர் பிறப்பதற்கு ஒரு வருடம் முன்னால் நடந்தது இது. அப்போ மிரட்டணும்னா போன் நம்பரோ விலாசமோ தேடிக் கண்டுபிடிக்கணும். இப்போ ஒரு '@' போதும்.

அப்போ வாயை மூடிக்கணுமா?

இங்க வரைக்கும் கேட்டவங்க, 'நடுவர் தெய்வம், கேள்வி கேட்காதே'ன்னு நான் சொல்லப் போறதா நினைக்கலாம். இல்லை. கேள்வி கேட்டதாலதான் நிறைய மாறியிருக்கு.

வி.கே. ராமசாமிகிட்ட திரும்பி வருவோம். ஒரு காலத்தில் டெஸ்ட் போட்டியில் இரண்டு நடுவர்களும் உள்ளூர்க்காரர்கள்தான். எந்த நாட்டுக்குப் போனாலும், தோற்றவர்கள் சொல்லும் முதல் வார்த்தை 'அவங்க ஊர் அம்பயர்'. இந்தச் சந்தேகத்தை ஒழிக்கணும்னு பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான் பிடிவாதமாக இருந்தார். 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் நடந்தது. அதுக்கு வெளிநாட்டு நடுவர்களைக் கூப்பிட்டாங்க. எந்த நாட்டிலிருந்து தெரியுமா? இந்தியாவிலிருந்து. பீலூ ரிப்போர்ட்டரும் வி.கே. ராமசாமியும். எங்க ஊர் அம்பயர் வேண்டாம், இந்தியாக்காரர் நிற்கட்டும் என்று ஒரு பாகிஸ்தான் கேப்டன்! அப்படிப் போன ராமசாமிதான் 12 வருடம் கழித்து சேப்பாக்கத்தில் கங்குலிக்கு அவுட் கொடுத்தபோது மைதானத்தில் நின்றவர். நம்ம ஊர் அம்பயர்தானே, ஏன் நமக்கு எதிரா? அப்போ 'காசு வாங்கிட்டான்' தியரி அங்கேயே உடையுது.

அந்த யோசனை நிலைத்தது. 1994 முதல் ஒரு நடுவர் வெளிநாட்டவர். 2002 முதல் டெஸ்டில் இருவருமே. அந்த 2002 எலைட் பேனலில் இருந்த ஒரே இந்தியர் நம்ம எஸ். வெங்கட்ராகவன். இந்தியாவின் முன்னாள் கேப்டன், 73 டெஸ்டில் நடுவர். கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் படித்தவர். இன்ஜினியர் எல்லாரும் என்னை மாதிரி மோசமா அம்பயரிங் பண்ண மாட்டாங்க, அதுக்குத்தான் சொன்னேன்.

தொழில்நுட்பமும் இப்படித்தான் வந்தது. 1992 நவம்பர், டர்பன். டிவி ரீப்ளே பார்த்து அவுட் கொடுக்கப்பட்ட முதல் ஆள் சச்சின் டெண்டுல்கர். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத ரன் அவுட்டை இயந்திரம் சொன்னது.

அப்புறம் 2008 ஜனவரி, சிட்னி. இது உங்களில் பலருக்கு நேரடி ஞாபகம் இருக்கும். ஆண்ட்ரூ சைமண்ட்ஸ் 30 ரன்னில் இருக்கும்போது இஷாந்த் சர்மா பந்து பேட்டில் பட்டு தோனி கைக்குப் போகிறது. பக்னர் நாட் அவுட் என்கிறார். சைமண்ட்ஸ் 162 நாட் அவுட். கடைசி நாள் டிராவிடின் பேட்டில் படாத பந்துக்கு அதே பக்னர் கேட்ச் அவுட் கொடுக்கிறார். இந்தியா 122 ரன்னில் தோல்வி. இங்கே அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். நெருக்கடி தாங்காமல் ஐசிசி அடுத்த பெர்த் டெஸ்டிலிருந்து அவரை நீக்கி பில்லி பவுடனைப் போட்டது.

யார் இந்த பக்னர்? ஜமைக்காக்காரர். 128 டெஸ்ட். 1992 முதல் 2007 வரை தொடர்ச்சியாக ஐந்து உலகக்கோப்பை இறுதிப்போட்டிகள். நமக்கு அவர் யார்? சச்சினுக்குத் தப்பா அவுட் கொடுத்தவர். அவ்வளவுதான். ஓய்வுக்குப் பல வருடம் கழித்து 2020இல் ஒரு வானொலிப் பேட்டியில், சச்சினுக்குக் கொடுத்த இரண்டு அவுட்டும் தப்புன்னு அவரே ஒத்துக்கொண்டார். எந்த நடுவரும் தெரிந்து தப்பு செய்ய விரும்ப மாட்டார், அது கூடவே தங்கிவிடும் என்ற அர்த்தத்தில் பேசினார்.

ஒரு மேட்ச் விவகாரத்துக்கு அவரை மாத்தினதால என்ன சரியாச்சு? ஒண்ணும் இல்லை. பவுடனும் தப்பு பண்ணுவார். ஆனா அதே 2008 ஜூலையில் இலங்கையில் ரிவ்யூ முறையைச் சோதனை செய்தார்கள். இலங்கை அணிக்கு எதிரே ஆடியது யார்? இந்தியாதான். வேடிக்கை என்னன்னா, அந்தத் தொடரில் நாம கேட்ட ரிவ்யூக்களில் பலித்தது ஒன்றே ஒன்று. இலங்கைக்கு அள்ளிக் கொடுத்தது. அதோட நமக்கு டிஆர்எஸ் பிடிக்காமல் போச்சு. 2016 இங்கிலாந்து தொடர் வரைக்கும் இருதரப்புத் தொடர்களில் வேண்டாம்னு முரண்டு பிடித்தோம். கொடும்பாவி எரிச்ச நாடு, தப்பைத் திருத்தற கருவி வந்தப்போ எட்டு வருஷம் வேண்டாம்னு சொல்லிச்சு! சிட்னியில நமக்கு வேண்டியிருந்தது சரியான முடிவா, இல்ல சாதகமான முடிவா?

இங்க ஒரு நிமிஷம் என் தொழில் பேச்சு. டிஆர்எஸ்ல 'அம்பயர்ஸ் கால்' வந்தா குரூப்ல எல்லாரும் திட்டுவோம் இல்லையா. ஸ்டம்ப்ல படுதுன்னு படமே காட்டுது, அப்புறம் என்ன நாட் அவுட்? விஷயம் என்னன்னா, பந்து காலில் படும் வரைக்கும்தான் கேமரா அதைப் பார்க்குது. அதுக்கப்புறம் திரையில வர்றது கணிப்பு. எந்தக் கணிப்பிலும் கொஞ்சம் பிசகு உண்டு. பந்தில் பாதிக்கும் குறைவா ஸ்டம்பை உரசினா, 'எனக்கு நூறு சதவீதம் உறுதி இல்லை, மைதானத்துல இருக்கறவர் சொன்னது நிற்கட்டும்'னு சொல்ற நேர்மைதான் அந்த விதி. தனக்கு எவ்வளவு தெரியாதுன்னு தெரிஞ்ச சாஃப்ட்வேர் அது. நம்மில் எத்தனை பேருக்கு அது இருக்கு?

காசு வாங்கிட்டுத் தப்பு பண்ணின நடுவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டாம். ஜெர்மனியின் ராபர்ட் ஹாய்சர் சூதாட்டக் கும்பலிடம் காசு வாங்கிப் போட்டிகளின் முடிவை மாற்றியது 2005இல் அம்பலமானது. சிறைத் தண்டனையும் கிடைத்தது. அவரைக் காட்டிக்கொடுத்தது யார்? சந்தேகப்பட்டு கால்பந்துச் சங்கத்திடம் புகார் கொடுத்த சக நடுவர்கள் நாலு பேர். கேலரியிலிருந்து பறந்த பாட்டில் இல்லை. எல்லா நடுவரையும் திருடன்னு நாம கத்திக்கிட்டே இருந்தா, உண்மையான திருடன் வரும்போது நம்ம சத்தத்துக்கு மதிப்பே இருக்காது.

டெட்ராய்டில் ஒரு மதியம்

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. பேஸ்பால். பயப்படாதீங்க, விதி ஒண்ணு தெரிஞ்சா போதும். ஒரு பிட்சர் எதிரணியின் 27 ஆட்டக்காரர்களையும் ஒருத்தரைக்கூட முதல் பேஸுக்குப் போக விடாமல் வரிசையாக அவுட் ஆக்கினால் அது 'பெர்ஃபெக்ட் கேம்'. நூற்றுமுப்பது வருடத்துக்கும் மேலான மேஜர் லீக் வரலாற்றில் அதுவரை 20 தடவை மட்டுமே நடந்தது. கும்ப்ளேயின் 10 விக்கெட் மாதிரி வச்சுக்கோங்க.

2010 ஜூன் 2. டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் ஆர்மாண்டோ கலராகா 26 பேரை அவுட் ஆக்கிவிட்டார். 27ஆவது ஆள் ஜேசன் டொனால்ட். பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடுகிறார். பந்து அவருக்கு முன்னாலேயே அங்கே வந்துவிட்டது. எல்லாரும் கையைத் தூக்கிக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். நடுவர் ஜிம் ஜாய்ஸ் கைகளை விரிக்கிறார்: நாட் அவுட்.

கலராகா என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். ஒரு சின்னச் சிரிப்பு. திரும்பிப் போய் அடுத்த ஆளை அவுட் ஆக்கி மேட்சை முடித்தார்.

கூட்டம் கத்தியது, சக வீரர்கள் ஜாய்ஸைச் சூழ்ந்து கத்தினார்கள். ஆட்டம் முடிந்து அறைக்குப் போன ஜாய்ஸ் வீடியோவைப் பார்த்தார். கலராகாவை வரச் சொல்லி, கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையாளர்களிடம் மழுப்பாமல், என் தப்புதான் என்றார்.

மறுநாள் மதியம் அதே மைதானத்தில் அடுத்த போட்டி. நடுவராக நிற்க வேண்டியவர் ஜாய்ஸ். வேண்டுமானால் லீவு எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்துவிட்டு வந்து நின்றார். போட்டிக்கு முன் அணிப் பட்டியலை நடுவரிடம் கொடுப்பது வழக்கமாக மேனேஜர் வேலை. அன்று அதைக் கொண்டுவந்து கொடுத்தது கலராகா. ஜாய்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேலரியில் அங்கங்கே கேலிக் கூச்சல் இருந்தாலும், மேலே எழுந்து கேட்டது கைதட்டல்தான். முந்தின நாள் சரித்திரத்தைப் பறிகொடுத்த அதே ஊர் மக்கள்.

முடிவு மாறியதா? இல்லை. பதிவேட்டில் அது இன்றும் பெர்ஃபெக்ட் கேம் கிடையாது. ஆனால் 2014இல் மேஜர் லீக், ரீப்ளே முறையைப் பெரிய அளவில் விரிவாக்கியது. கலராகாவும் ஜாய்ஸும் சேர்ந்து ஒரு புத்தகம் எழுதினார்கள்.

கிட்டத்தட்ட இதே பாடம் 2019 உலகக்கோப்பை இறுதியிலும் உண்டு. கப்டில் எறிந்த பந்து ஸ்டோக்ஸ் பேட்டில் பட்டு பவுண்டரிக்குப் போக, ஐந்து ரன் கொடுக்க வேண்டிய இடத்தில் ஆறு கொடுத்துவிட்டார் குமார தர்மசேனா. டிவியில் பார்த்தபின் அது தப்புதான் என்று பிறகு ஒத்துக்கொண்டார். மேட்ச் டை, சூப்பர் ஓவர் டை, பவுண்டரி எண்ணிக்கையில் நியூசிலாந்து தோற்றது. வில்லியம்சன் அணி யார் மேலும் சேற்றை வாரி இறைக்கவில்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் விவாதித்தது அந்த விதியைத்தான். அதே வருடம் அக்டோபரில் ஐசிசி பவுண்டரி எண்ணிக்கை விதியைத் தூக்கிவிட்டது.

சரி, நாம என்ன பண்ணணும்?

எங்க வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் விழுந்துட்டா, மறுநாள் எல்லாரும் உட்கார்ந்து 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம். அதில் முதல் விதி: யார் பண்ணினதுன்னு எழுதக்கூடாது. எப்படி நடந்தது, அடுத்த தடவை நடக்காம இருக்க என்ன மாத்தணும், அவ்வளவுதான். நல்ல மனசால வந்த விதி இல்லை இது. பேரைப் போட்டா அடுத்த தடவை தப்பு பண்ணினவன் மறைச்சிடுவான். மறைச்ச தப்பைத் திருத்த முடியாது. ஜாய்ஸ் மறைக்காம ஒத்துக்கிட்டார், ஏன்னா கலராகா அவரை அடிக்க வரலை. பக்னர் ஒத்துக்க பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அதுல கொடும்பாவிக்குப் பங்கு இல்லைன்னு என்னால சொல்ல முடியலை.

அதனால எனக்கு நானே வச்சுக்கிட்ட சில விதிகள். மைதானத்துல கத்தலாம், சோபாவுல குதிக்கலாம், ரசிகனுக்கு அது பிறப்புரிமை. மேட்ச் முடிஞ்சதும் கேள்வி முடிவைப் பத்தி, விதியைப் பத்தி, முறையைப் பத்தி. ஆளைப் பத்தி இல்லை, அவர் குடும்பத்தைப் பத்தி இல்லவே இல்லை. ஊழல்னு சொல்லணும்னா என்கிட்ட ஆதாரம் இருக்கணும். அப்புறம் கஷ்டமான ஒண்ணு: நமக்குச் சாதகமா வந்த தப்பையும் அதே சத்தத்தோட பேசணும். அஃப்ரிடியோட ரீப்ளேவையும் நிறுத்திப் பார்க்கணும்.

என் பழைய ட்வீட்களைத் தேடி அழிச்சேன். அழிச்சதால எழுதினது இல்லைன்னு ஆகிடாது. அதனாலதான் இங்க சொன்னேன்.

அப்புறம் ஆபீஸ் கதை. திங்கட்கிழமை காலையில நண்பன் சீட்டுக்குப் போய், "மச்சான், வீடியோ பார்த்தேன். நீ உள்ளதான் இருந்த. என் தப்பு"ன்னு சொன்னேன். அவன் மானிட்டரைப் பார்த்துக்கிட்டே, "தெரியும் மச்சான். அங்கேயே தெரியும்"னான். ரெண்டு நாள் சரியா பேசலை. மூணாவது நாள் டீக்கு வர்றியான்னு கேட்டான். கோப்பை இன்னும் அந்த இன்னொரு டீம் டெஸ்க்லதான் இருக்கு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரிதான் இருக்கு.

அடுத்த டோர்னமென்டுக்கு ரன் அவுட் லைன்ல ஒரு மொபைலை ட்ரைபாட்ல நிறுத்தலாம்னு மெயில் போட்டிருக்கேன். அம்பயரா நிற்க இதுவரை யாரும் பேர் கொடுக்கலை. நான் கொடுத்துட்டேன்.

உங்களுக்கு மறக்க முடியாத தப்பான முடிவு எது? முக்கியமா, உங்க டீமுக்குச் சாதகமா வந்தது எது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். அதுவரை, வணக்கம் மக்களே.